நெல்லியடியில் பிழைத்த பல்

நோர்வேயின் பேர்கன் நகரில் மதியச் சாப்பாடு என்றால் குளிர்ந்த பாண்தான். வீட்டிலிருந்து காகிதத்தில் சுற்றிக்கொண்டு வரும் அந்தப் பொதியை 'மாட்பக்கே' என்பார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எல்லோரும் அதைச் சூடாக்காமல், ஐஸ் போன்ற தண்ணீரோடு அமைதியாகச் சாப்பிட்டு எழும்புவார்கள். போன மாரியில் அந்தத் தண்ணீர் என் கடைவாய்ப் பல்லில் பட்டபோது உயிர் போய் வந்தது. தண்ணீரை விழுங்கி, மேசையைத் துடைத்து, மாடி ஏறிய பிறகும் பல் வலியில் கொதித்துக்கொண்டே இருந்தது. சில கிழமைகளில் கொதி தானாகவே நின்றது. சுகமாகிவிட்டது என்று நம்பி, தங்கையைப் பார்க்க ஊருக்கு விமானம் ஏறினேன்.

யாழ்ப்பாணம் நெல்லியடியில், தங்கை வீட்டில் இருந்தபோது கன்னம் வீங்கியது. பல்லடி முரசில் சின்னக் கொப்புளம். பாணைக் கடிக்கவும் முடியவில்லை. தொலைபேசியில் கணவர் பதறினார்: "உங்கை வைச்சு ஒண்டும் செய்யாதை. குளிசையைப் போட்டுக்கொண்டு இஞ்சை வா, பாப்பம்." தங்கையும் அதையே சொன்னாள். அவளுடைய மகள் தர்சிகாதான் சந்தைக்குக் கிட்டப் பல் வைத்தியசாலை வைத்திருக்கிறாள். "ஏதும் பிழைச்சால் என்ரை பிள்ளைக்கெல்லோ கெட்ட பேர்" என்று தங்கை முணுமுணுத்தாள். நான் நேரே தர்சிகாவிடம் போய் வாயைத் திறந்தேன்.

அவள் குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்தாள். எனக்குக் குளிரே தெரியவில்லை. எக்ஸ்றே எடுத்து, வேர் நுனியைச் சுற்றியிருந்த கருநிழலைக் காட்டினாள்.

"பெரியம்மா, கொதி நிண்டது சுகமாகினதாலை இல்லை. உள்ளை இருந்த நரம்பு செத்துப்போச்சு. கிருமி இப்ப எலும்புக்கு இறங்கியிட்டுது."

"செத்தால் பிடுங்கத்தானே வேணும் பிள்ளை?"

"நரம்புதான் செத்தது. பல்லு எலும்பிலை உறுதியாய் நிக்குது. வேருக்குள்ளை மெல்லிய வழி இருக்கு. அதைத் துப்பரவாக்கி அடைச்சால் பல்லு நிக்கும். வேர் வெடிச்சிருந்தால் நானே பிடுங்கச் சொல்லியிருப்பன். உங்கடை வேர் வெடிக்கேல்லை."

பிடுங்குவது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வைத்தியம். போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த காலத்தில், மேல்வரிசையில் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். விறைப்பு ஊசி மருந்து போதவில்லை. அம்மா ஒரு கையையும் பக்கத்து வீட்டு மாமி மறு கையையும் அழுத்திப் பிடித்தார்கள். நான் கத்திய கத்தலில் வெளியே வரிசையில் நின்றவர்கள் கலைந்து போனார்களாம். அந்த ஓட்டை இன்றும் என் வாயில் இருக்கிறது. தர்சிகா அதையும் பார்த்தாள்.

"நொந்தால் இடக்கையைத் தூக்குங்கோ. உடனை நிப்பாட்டுவன்" என்றாள்.

ஊசி போட்டு, பல்லைச் சுற்றி மெல்லிய றப்பர் விரிப்பைப் போட்டாள். அவள் கருவியை எடுத்த கணமே நான் கையைத் தூக்கினேன். நோகவில்லை. நிறுத்துவாளா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. நிறுத்தினாள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன. "சரி பெரியம்மா, ஆறுதலாய்ச் செய்வம்." அதன்பின் நான் கையைத் தூக்கவே இல்லை. ஊசியைவிட மெல்லிய அரங்களால் வேரின் உள்வழியைச் சுரண்டிக் கழுவி மருந்து வைத்தாள். சில நாளில் வீக்கம் வடிந்தது. திரும்பவும் கூப்பிட்டு, வழியெல்லாம் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நிரந்தரமாக அடைத்தாள். "நரம்பில்லாத பல்லு லேசிலை உடையும். மேலை கிரவுண் எண்டொரு மூடி கட்டாயம் போடவேணும். அங்கை போய்ப் போடுங்கோ" என்றாள். அன்று பின்னேரம் தங்கை கோழிக் குழம்பு வைத்தாள். நான் இறைச்சியை மென்று விழுங்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழும்பிப் போய் மகளின் தலையைத் தடவினாள்.

பேர்கனில் என் பல் வைத்தியர் புது எக்ஸ்றேயைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். உதவியாளரையும் கூப்பிட்டுக் காட்டினார். வேரின் நுனிவரை, வளைவு உட்பட, அடைப்பின் வெள்ளைக் கோடு ஒழுங்காக ஓடியிருந்தது.

"மிக நேர்த்தியான வேலை. யார் செய்தது?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

'யார்' என்றதை 'எங்கே' என்று விளங்கிக்கொண்டு "நெல்லியடி" என்றேன்.

"டொக்டர் நெல்லியடி எந்த நாட்டில் படித்தவர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெல்லியடி ஒரு ஊர். டொக்டரின் பெயர் தர்சிகா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இலங்கையில்தான் படித்தவள். என் தங்கையின் மகள்" என்றேன். என் நோர்வேஜியம் இவ்வளவு திருத்தமாக வந்த நாள் வேறில்லை. கதிரையில் மல்லாந்து கிடந்தபடியே நிமிர்ந்து நிற்பது போலிருந்தது.

மூடி போட்டதும் படமெடுத்துத் தர்சிகாவுக்கு அனுப்பினேன். "வடிவாய்ப் போட்டிருக்கினம்" என்று பதில் வந்தது. இங்கே யாரும் என் வாயைப் பார்த்தால் பேர்கனில் செய்த வெள்ளை மூடிதான் தெரியும். அதன் கீழே, எலும்புக்குள், நெல்லியடி இருக்கிறது. எக்ஸ்றே எடுத்தால்தான் தெரியும்.