தம்பி இலையில் நான் வைத்த வடை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பொம்மை வீட்டுக்கான குட்டி குட்டி இட்லி, வடைகளைக் கிளே என்கிற செயற்கைக் களிமண்ணில் செய்து விற்கிறேன்.

"ஒருநாளு இல்ல ஒருநாளு உன் வடைய முழுங்கிடப் போறேன் பாரு" என்று என் தம்பி கிண்டல் செய்துகொண்டே இருப்பான். போன வருஷம் காய்ச்சலில் இறந்துவிட்டான்.

முப்பதாம் நாள் படையல் சிதம்பரத்தில், அக்கா வீட்டில். அவன் ஆசைப்பட்டானே என்று, சுண்டைக்காய் அளவு கிளே வடை ஒன்றை யாரிடமும் சொல்லாமல் அவன் இலையில், நிஜ வடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கற்பூரம் காட்டியதும், வழக்கப்படி அந்த இலையில் அக்கா தன் இரண்டு வயது மகளைச் சாப்பிட உட்காரவைத்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

"ஐயோ, புள்ளைக்கு மூச்சு வரலியே!"

அக்காவின் அலறல் கேட்டு ஓடினேன். குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. இலையில் என் வடையைக் காணோம்.

"மாமா, கிளே வடை! நாந்தான் வெச்சேன்!"

அக்கா வீட்டுக்காரர் குழந்தையைக் கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். வரவில்லை. மறுபடி தட்டினார். ஐந்தாவது தட்டில் வடை தரையில் விழுந்தது. குழந்தை வீறிட்டாள்.

"செத்தவன் இலையில வெளையாட்டு சாமான வெப்பியாடி?" என்று அக்கா கையை ஓங்கினாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது எதைச் செய்தாலும் தட்டோடு ஒட்டி, மூடி போட்ட டப்பாவில்தான் வைக்கிறேன். மாசாமாசம் படைக்கும்போது தம்பி இலையில் தின்கிற வடை மட்டும்தான். அதையும் பிட்டுப் பார்த்த பிறகே குழந்தைக்குக் கொடுக்கிறேன்.