பன்னிரண்டில் ஒருத்தி

இந்த நகரத்தில் ஒருவர் இருமினால் பக்கத்தில் இருப்பவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். எண்பதாம் இலக்க பஸ்ஸில் பார்க் அவெனியூ முடியும்வரை ஒரு கிழவர் இருமிக்கொண்டே வருவார். "என்ன, சுகமில்லையோ" என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார். கேட்பது மரியாதை இல்லையாம். வந்து பத்து வருடமாகியும் இது எனக்குப் பிடிபடவில்லை. ஊரில் நாலு தரம் இருமினால் வீதியால் போகிறவளும் படலையைத் திறந்து வந்து கைவைத்தியம் சொல்லிவிட்டுப் போவாள். விமானம் ஏறும்போது அந்தப் பழக்கத்தை நான் அங்கேயே விட்டிருக்கவேண்டும். விடவில்லை. அதனால்தான் என் தம்பி ரூபன் இன்று கனடாவில் இல்லை.

தொண்ணூற்றைந்து தொடக்கம். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கலியாண விருந்து முடிந்து வெளியே வந்த எங்கள் பொடியள் இரண்டு பகுதியாகப் பிரிந்து அடிபட்டார்கள். போத்தல் அடியில் ஒருவனுக்கு ஒரு கண் போய்விட்டது. ரூபன் விலக்குப் பிடிக்கப் போனவன். அவன் சேர்ட்டில் இரத்தம் இருந்தது, பொலிஸ் அவனைப் பிடித்தது. எங்கள் வழக்கறிஞர், ஒரு இளம் ஆங்கிலக்காரி, எங்களை இருத்திவைத்து விளக்கினார்: நீதிபதி தனியாக விசாரிக்கலாம், அல்லது நீதிபதியோடு பன்னிரண்டு பொதுமக்கள் இருக்கும் யூரி விசாரிக்கலாம்; இவ்வளவு பெரிய குற்றச்சாட்டுக்கு யூரி கேட்பது ரூபனுடைய உரிமை. சாட்சிகள் குழம்புவதால் தனி நீதிபதி நல்லது என்பது அவருடைய எண்ணம். ஆனால் உரிமை என்று கேட்டதுமே எனக்கு எங்கள் வீட்டுக் கதைதான் ஞாபகம் வந்தது. எங்கள் பெரியண்ணையைப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடித்தபோது, அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதி, அடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தச் சட்டத்தில் யூரி கிடையாது. ஒரு நீதிபதி, ஒரு கடதாசி, அரைநாளில் அண்ணையின் சீவியம் முடிந்தது.

"அக்கா, எனக்கு எதெண்டாலும் சரி. நீங்கள் சொல்லுங்கோ" என்றான் ரூபன்.

"யூரியைக் கேள். எல்லாரும் ஒருமிக்கச் சொன்னால்தான் குற்றவாளியாம். பன்னிரண்டு பேரில ஒருத்தராவது உன்னை நம்பாமல் போவினமே?"

பெரிய சட்டம் படித்தவள் மாதிரித்தான் சொன்னேன். வழக்கறிஞர் அதை எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் நிறத்தில் ஒருவரும் இல்லை. நாலாவது கதிரையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார மடாம், ஊதா ஸ்வெட்டரோடு. ரூபன் தமிழில் சாட்சி சொன்னபோது மற்றவர்கள் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்கள். அவள் மட்டும் ரூபனின் முகத்தைப் பார்த்தாள். நான் தேடிய ஒருத்தி இவள்தான் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். ஆனால் அவளுக்குப் பொல்லாத இருமல். மூன்று நாளும் கைலேஞ்சியை வாயில் வைத்தபடி இருந்தாள். நாலாம் நாள் விடிய எழும்பி மல்லி, வேர்க்கொம்பு, மிளகு போட்டு அவித்து, பனங்கட்டி கரைத்து, சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போனேன். கீழ்த்தளத்துக் கழிவறையில் அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு இருமுகிறாள். யூரிமாரோடு கதைக்கக்கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். நான் கதைக்கவில்லை. மூடியில் ஊற்றி நீட்டினேன். அவள் "மெர்ஸி" என்று வாங்கி இரண்டு மிடறு குடித்தாள், இருமல் அடங்கியது. கதவடியில் யூரியில் இருந்த இன்னொருத்தி நின்றிருந்தாள்.

பாவம் பார்த்துக் கொடுத்தேன் என்றுதான் இன்றுவரை எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். அது முழு உண்மை இல்லை. அவள் கடைசி நாள்வரை அந்தக் கதிரையில் இருக்கவேண்டும் என்ற ஆசையும் அந்தப் போத்தலுக்குள் இருந்தது.

கதவடியில் நின்றவள் போய்ச் சொல்லிவிட்டாள். யூரியை வெளியே அனுப்பிவிட்டு, நீதிபதி முதலில் அந்த மடாமை விசாரித்தார், பிறகு என்னை. ஏன் கொடுத்தீர்கள் என்றார்.

"அவ இருமினவ, ஐயா."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் நீதிபதி தொடர்ந்து ஏதோ வரும் என்று காத்திருந்தார். சொல்ல வேறென்ன இருக்கிறது? அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டாரிடம் எதையாவது வாங்கிய ஒருவர் யூரியில் இருந்தால் தீர்ப்பில் சந்தேகம் விழும் என்று பொறுமையாக விளக்கி, அவளை வீட்டுக்கு அனுப்பினார். மிச்சம் பதினொரு பேரோடு நடத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போனாள். ரூபன் கூண்டின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, பரவாயில்லை என்று கையைக் காட்டினான்.

பதினொரு பேரும் இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்து குற்றவாளி என்றார்கள். அந்த மடாம் இருந்திருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பாளா? அவளும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டியிருக்கலாம். தெரியாது. தெரியாமலே சாகப்போகிறேன். அகதியாக ஏற்றுக்கொண்டவனையும், ஆபத்தானவன் என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்ப இந்த நாட்டால் முடியும். மறியல் தண்டனை முடிந்ததும் அனுப்பினார்கள். கொழும்பில் ஒரு அறையில் இருந்தான். போன ஆவணியில் அங்கே வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். பெரியண்ணையைப் பிடித்த அதே சட்டம்தான். இந்தக் கட்டுரையை ஊரில் வாசிக்கிறவர்களுக்கு அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வருடம் பனி கரையும்போது எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் இப்போது கனடியப் பிரசை. யூரிக்கு வரும்படி அழைப்பு. "ஏலாதெண்டு எழுதிப் போடுங்கோ அக்கா, உங்களுக்கு ஏன் இந்தச் சனியன்?" என்றாள் தையல் ஆலையில் என் பக்கத்து மெஷின்காரி. நான் போனேன். யாரோ ஒருவனுக்கு அந்த ஒருத்தியாக நான் இருந்துவிட மாட்டேனா என்றுதான் போனேன். கூண்டில் ஒரு ஹெயிற்றிப் பொடியன், இருபது வயது இருக்காது. என் இலக்கம் வந்தது, எழுந்து முன்னால் போனேன். அரசதரப்பு வழக்கறிஞர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். காரணம் சொல்லத் தேவையில்லையாம். அதுவும் உரிமைதான்.

வெளியே நடைவழியில் அந்தப் பொடியனின் தாய் தனியே இருந்தாள். யூரிக்கு வந்தவர்கள் மற்றப் பக்கத்தால் இறங்கிப் போனார்கள். எனக்கு அந்தப் பக்கம் கால் போகவில்லை. அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்து எனக்கு இடம் விட்டாள், இருந்தேன். உள்ளே உங்களுக்கு யார் இருக்கிறார் என்று பிரெஞ்சில் கேட்டாள். யூரிக்கு வந்தவள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

என் தம்பி என்றேன்.