வெயிலைத் தேடிய பச்சை

எங்கள் ஆய்வகத்து ஜன்னலில் ஒரு பழைய ஊறுகாய்ப் பாட்டில் இருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர். வெளிச்சம் படும் பக்கம் மட்டும் இளம்பச்சை. அதைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் எனக்கு மேடம் ஞாபகம்தான்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவர் வேதியியலாளர், நான் உதவியாளன். மிஞ்சும் உப்புத் தண்ணீர் பின்னாலிருக்கும் குட்டையில் வெயிலில் காயும். ஒரு கோடையில் அதன் கரையோரம் பச்சை படர்ந்தது. சாயத்தைத் திறந்துவிட்டோம் என்று ஊரே கொதித்துப்போய், நிலையத்தை மூடச் சொல்லி வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் நின்றவர் மேடத்தின் அப்பா. கிணறு உப்பேறித் தென்னைகளை இழந்தவர். பெற்ற மகளைப் பார்த்து, "ஏனுங்க மேடம், இதுவும் சாயமில்லீங்களா?" என்றார். அந்த 'மேடம்' எனக்கே சுருக்கென்று தைத்தது. மேடமோ குரல் நடுங்காமல், "உள்ள வந்து பாருங்கப்பா" என்றார்.

குட்டைத் தண்ணீரை அந்தப் பாட்டிலில் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார். பச்சைப் பக்கம் அறையைப் பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்துவிட்டு, எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொன்னார். இந்த நேரத்தில் டீயா என்று நினைத்துக்கொண்டே டம்ளர்களை எடுத்தேன். டீ முடிவதற்குள் பச்சை மெல்ல ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தது! அப்பாவை நுண்ணோக்கியில் பார்க்க வைத்தார். அவர் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் குனிந்திருந்தார்.

"அட சாமி! நீந்துதே!"

"உசுருங்கப்பா. வெயிலத் தின்னுட்டு உப்புல பொழைக்குது."

அவர் நிமிர்ந்தார். "சாயமில்லன்னு ஒத்துக்கறேன் கண்ணு. ஆனா உப்பு உப்புத்தான். கரை கசியாமப் பாத்துக்க."

கண்ணு! மேடம் திரும்பிக்கொண்டு கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்தார். அந்த வாரமே நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, குட்டைக்குக் கசிவைத் தடுக்கும் புது விரிப்புப் போட வைத்தார்.

பிறகு, அந்தப் பச்சை அதுவரை யாரும் பதிவு செய்யாத பாசி இனம் என்று உறுதியானது. பெயர் வைக்கும் உரிமை அவருக்கு வந்தது. தன் பெயரைத்தான் வைப்பார் என்று பந்தயம் கட்டித் தோற்றேன். அப்பாவின் தோட்டத்துப் பெயரை வைத்தார். அவர் அப்பா டீக்கடையில் யாரைப் பார்த்தாலும், "எம்புள்ள கண்டுபிடிச்ச உசுருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்கும் அதே வியாதிதான்.

மேடம் இப்போது வேறு ஊரில். நேற்று காதர்பேட்டையிலிருந்து வந்த பனியன் வியாபாரி ஒருவர் பாட்டிலைப் பார்த்து, "நல்ல கலருங்க, என்ன சாயம்?" என்று கேட்டார்.

பாட்டிலைத் திருப்பி வைத்தேன்.

"உக்காருங்க, டீ சொல்றேன். குடிச்சு முடிக்கறதுக்குள்ள அதுவே சொல்லுமுங்க."