கங்காணி என்ற பெயரும் எங்கள் அண்ணனும்

அண்ணன் இல்லாத முதல் ஆண்டு முடிந்துவிட்டது. இன்று திவசத்துக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்று எழுதச் சொல்லி அண்ணியே என்னைக் கேட்டார். அப்படி எழுதினால் முதலில் சிரிப்பவர்கள் நீங்கள்தான். உங்களில் பாதிப் பேர் அண்ணன் கையால் அடி வாங்கியவர்கள். ஒரே தங்கையான நானும் வாங்கியிருக்கிறேன். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், அண்ணன் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது கலவரக் கும்பல் ஒன்று லயத்துக்குத் தீ வைத்தது. பக்கத்துக் காம்பரா அறையில் படுத்திருந்த நோயாளியை யாராலும் வெளியே தூக்க முடியவில்லை. அவர் கத்திக்கொண்டே இருந்ததை அண்ணன் கேட்டிருக்கிறார். அப்பா அண்ணனையும் அம்மா கைக்குழந்தையான என்னையும் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஓடினார்கள். பின்னாலிருந்து வந்த கல் ஒன்று அண்ணனின் புருவத்தைப் பிளந்தது. அன்றைக்கு ஓடியதுதான் கடைசி, அதன் பிறகு எவனுக்கும் பயந்து ஓடவில்லை என்று அண்ணன் அடிக்கடி சொல்வார்.

அதன்பின் கப்பல், முகாம், மறுபடி கப்பல். இந்தியாவின் தென்கோடித் தீவு ஒன்றின் ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அண்ணனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, "சர்நேம் க்யா ஹை?" என்று கிளார்க் இந்தியில் குடும்பப் பெயர் கேட்டார். நமக்கு ஏது சர்நேம்? அப்பா இலங்கையிலிருந்து கொண்டுவந்த காகிதத்தை நீட்டினார். அதில் தாத்தாவின் தகப்பனார் பெயர் இருந்த இடத்தில் 'பெரியசாமி கங்காணி' என்று எழுதியிருந்தது. அன்றைக்கே நாங்கள் கங்காணி குடும்பம் ஆனோம்.

தோட்டத்துக்கு ஆள் கட்டிக் கொண்டுபோனவரும், அவர்களை மேய்த்து வேலை வாங்கியவரும் கங்காணிதான். கூலிக்காரர் பரம்பரை என்று நினைத்திருந்த அப்பாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அண்ணனுக்கோ அது தலைக்கேறிவிட்டது. வளர்ந்து, வடக்கே பெரிய தீவின் ஜங்லிகாட்டில் வெல்டிங் பட்டறை வைத்ததும் அவர் செய்த முதல் வேலை, இரும்புத் தகட்டில் 'கங்காணி' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து வெட்டி மாட்டியதுதான். "கங்காணி பாய்" என்று கூப்பிட்டால் பாதி வேலையைச் சும்மாவே செய்து கொடுப்பார். அந்தப் பெயரைக் கிண்டல் செய்த லாரி டிரைவர் ஒருவருக்கு முன்பல் இரண்டு போயிற்று.

அந்தக் கை நல்லதும் செய்தது. பட்டறைக்கு எதிர்வீட்டுக்காரர் குடித்துவிட்டு மனைவியின் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தபோது, ஊரே வேடிக்கை பார்த்தது. அண்ணன் அவரை மூக்கில் ரத்தம் வரும்வரை அடித்தார். பிறகு தானே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தையல் போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை டீச்சர் ட்ரெய்னிங் முடிக்க வைத்ததும் அண்ணன்தான். கணக்கில் தோற்ற வருடம் அறை ஒன்று கிடைத்தது, அடுத்த வாரமே டியூஷனும் கிடைத்தது.

அப்பா காலமான பிறகு, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அண்ணன் கடலோரத்தில் எள்ளும் தண்ணீரும் இறைப்பார். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்ல வேண்டும் அல்லவா? மூன்றாவதாக 'பெரியசாமி கங்காணி' என்னும்போது மட்டும் அவர் குரல் தனியாக எழும்பும்.

இனி எழுதப்போவது குடும்பத்தில் பலர் மறைக்கச் சொன்னது.

வண்டூரில் சுற்றுலாப் படகு ஓட்டும் செல்வராசு, உடைந்த படகுச் சாமான் ஒன்றைப் பற்றவைக்க ஒருநாள் பட்டறைக்கு வந்தார். அவரும் மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம். போர்டைப் பார்த்துவிட்டு, எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்று விசாரித்தார். அண்ணன் தோட்டத்தின் பெயர், தாத்தாவின் பெயர் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னார். செல்வராசுவின் முகம் மாறிவிட்டது.

"பெரியசாமி கங்காணி எங்க பூட்டனுங்க. ஒங்க பூட்டன் அவர வெட்டுன ஆளு. வெட்டிட்டு அவரு பேரயே போர்டு போட்டு வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அண்ணன் கையில் இருந்த இரும்புக் கம்பி இறங்கிவிட்டது. தலையைக் காக்கத் தூக்கிய இடது முழங்கை நொறுங்கியது. விழுந்தவரை மறுபடியும் அடித்தார். பட்டறைப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் நிறுத்தினார். செல்வராசுவின் அந்தக் கை அதன்பின் நேராகவே இல்லை. அண்ணன் ஒன்றரை மாதம் ஜெயிலில் இருந்தார்.

சமாதானம் பேசப் போனவர்களிடம் செல்வராசு கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த போர்ட எறக்கச் சொல்லுங்க, கேஸ வாபஸ் வாங்குறேன்."

"உசுரே போனாலும் எறக்க மாட்டேன். அவன் சொன்னது பொய்யின்னு ரூபிச்சுக் காட்டுறேன்" என்றார் அண்ணன்.

இப்படித்தான் எங்கள் வம்சாவளியை அண்ணன் தேட ஆரம்பித்தார். அன்பினால் இல்லை, ஆத்திரத்தினால். ஜாமீனில் வந்து, கோர்ட்டில் அனுமதி வாங்கி, கப்பலேறி மெயின்லேண்ட் போனார். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மகன் வீட்டில் இருந்தார். அண்ணன் கேட்டதும் அத்தை அழவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"அந்த ஆளு சொன்னது நெசந்தான்டா" என்றார்.

அத்தை சொன்னது இது. எங்கள் பூட்டன் பெயர் கருப்பன். பெரியசாமி கங்காணியின் ஆள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது, கருப்பனின் மனைவி தாமதமாக வந்தார். நிறைமாதக் கர்ப்பிணி. கங்காணி அவரை வயிற்றில் உதைத்தார், விழுந்த பிறகும் உதைத்தார். மூன்றாம் நாள் வயிற்றுப் பிள்ளையோடு அவர் இறந்தார். நான்காம் நாள் பெரட்டில் கருப்பன் தேயிலைச் செடியை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியோடு வந்து, எல்லோருக்கும் முன்னால் கங்காணியைக் கழுத்திலும் தோளிலும் வெட்டினார். கீழே விழுந்தவர் அடங்கும்வரை வெட்டினார். ஓடவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அவரைத் தூக்கில் போட்டார்கள். நாலு வயதுக் குழந்தையாக அந்தக் களத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் எங்கள் தாத்தா.

"அப்புறம் எப்படி அத்தை அந்தாளு பேரு நம்ம காயிதத்துல வந்துச்சு?"

"தோட்டத்து ரிஜிஸ்தர்ல நாம எல்லாம் பெரியசாமி கங்காணி ஆளுங்கடா. அதப் பாத்து எவனோ அப்பன் பேருன்னு எழுதிப்புட்டான். எங்கப்பாவும் திருத்தல. தூக்குல தொங்குனவன் மகன்னு எப்படிச் சொல்லுவாரு?"

அண்ணன் அன்று முழுவதும் எதுவும் சாப்பிடவில்லை என்று அத்தை மகன் போனில் சொன்னார். எங்கள் குலத்துப் பெண்ணை உதைத்துக் கொன்றவருக்கு இத்தனை வருடம் எள்ளும் தண்ணீரும் விட்டிருக்கிறோம். அவளுக்காகக் கழுத்தைக் கொடுத்தவருக்கு ஒரு சொட்டுக்கூட விடவில்லை. அதை எப்படித் தாங்குவது?

ஊர் திரும்பியதும் கேஸ் கட்டர் எடுத்து அந்தப் போர்டைத் தானே துண்டு துண்டாக வெட்டினார். அடுத்த ஞாயிறு என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வண்டூர் போனார். செல்வராசு கரையில் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது நெசம். போர்ட எறக்கிட்டேன். ஒங்க பூட்டனுக்கு இத்தன வருசமா நாந்தான் தண்ணி எறச்சேன்" என்றார் அண்ணன்.

"கேட்டேனா? ஒங்க தண்ணி எங்களுக்கு வேணாம். என் கையத் திருப்பிக் குடுங்க, போதும்."

அண்ணன் தன் வலது கையைப் படகின் விளிம்பில் நீட்டி வைத்தார். துடுப்பைக் கண்ணால் காட்டினார். நான் கத்தினேன். செல்வராசு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, ஒற்றைக் கையால் ஓங்கி ஒரே அடி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு துடுப்பைப் போட்டுவிட்டுப் படகைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். ஆட்டோவைக் கூட்டி வந்தவரும், சொன்னபடி கேஸை வாபஸ் வாங்கியவரும் அவர்தான். ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டதாக அண்ணன் உங்கள் எல்லோரிடமும் சொன்னது பொய். சொந்தக்காரர்கள் கம்பு எடுத்துக்கொண்டு வண்டூருக்குக் கிளம்பிவிடுவீர்கள் என்று பயந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதன்பின் அண்ணன் யாரையும் அடிக்கவில்லை. கை வராததும் ஒரு காரணம், அதையும் மறைக்க விரும்பவில்லை. பட்டறையைப் பெரிய மகன் பார்த்துக்கொண்டான். நெஞ்சுவலியோடு போராடிய கடைசி வாரத்தில், "என் காரியத்துல கருப்பன் பேரச் சொல்லிப் பிண்டம் வைங்கடா" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள் கடலோரத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் உண்டு. ஐயர் அண்ணனுக்கு மேலே மூன்றாம் தலைமுறையின் பெயரைக் கேட்டார். "கொலகாரன் பேரச் சொல்லிப் பிண்டம் வைக்கிறதா? பழைய பேரையே சொல்லு" என்று எங்கள் சித்தப்பா அதட்டினார். பெரியவன் என் முகத்தைப் பார்த்தான். பின்வரிசையில் இருந்து செல்வராசு எழுந்து முன்னால் வந்தார். அவர் வந்திருப்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

"எங்க பூட்டன் பேர இனிமே ஒங்க யாரு வாயிலயும் எடுக்கக் கூடாது. ஒங்க ஆளு பேரச் சொல்லுங்க" என்றார்.

பெரியவன் கருப்பன் என்று சொல்லித் தண்ணீர் விட்டான். செல்வராசு சாப்பிடாமல் போய்விட்டார்.

அண்ணனைக் கடைசி வாரம் கவனித்த டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், தோள் கொடுத்த ஜங்லிகாட் நண்பர்களுக்கும், பெரார்கஞ்சிலிருந்து வேன் பிடித்து வந்த உறவுகளுக்கும், அத்தையின் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. செல்வராசுவுக்கும் நன்றி. அவர் எங்களை மன்னிக்கவில்லை என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

கடைசிப் பக்கத்தில் அண்ணன் தேடிச் சேர்த்த வம்சாவளியை அச்சிட்டிருக்கிறோம். முதலில் கருப்பன். அவர் பக்கத்தில் மனைவி என்று போட்டு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். உதைத்தவர் பெயர் தெரிகிறது, வெட்டியவர் பெயர் தெரிகிறது, உதைபட்டுச் செத்தவர் பெயர் அத்தைக்கும் தெரியவில்லை, செல்வராசு வீட்டிலும் தெரியவில்லை. அண்ணன் கண் மூடும்வரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டு வயதானவர்கள் யாருக்காவது தெரிந்திருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.