மந்திரவாதியின் பெருவிரல்

என்னைவிடப் பெரிய முட்டாளைப் பார்க்க வேண்டுமென்றால் சூரியநெல்லியை விட்டு வெளியே போக வேண்டும். உள்ளூரில் எனக்குப் போட்டி இல்லை. மந்திரம் போட்டுக் களைத்த மந்திரவாதிக்கு எங்கே வலிக்கும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஒரே அறையில் இருந்த மனைவிக்கு எங்கே வலித்தது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

பகலில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறேன். சாயங்காலம் கைபேசிச் செயலி ஒன்றில் மாயாஜாலத் தொடர்கதை எழுதிவந்தேன். எழுதிவந்தேன் என்பதும் பொய். மலையாள மீடியத்தில் படித்தவன். தமிழ் எனக்கு வாயில் ஓடும், விரலில் நொண்டும். (இதை நானே ஒற்றை விரலால் அடிக்கிறேன். பிழை திருத்துகிறவருக்குப் புண்ணியம்.) அப்போதெல்லாம் நான் கட்டிலில் மல்லாந்து சொல்வேன். தேயிலை எஸ்டேட்டில் கத்தரியால் கொழுந்து வெட்டிவிட்டு வந்த மனைவி சுவரில் சாய்ந்து கைபேசியில் அடிப்பாள். பகலெல்லாம் கத்தரி பிடித்த கை.

என் மந்திரவாதி மலையைப் பெயர்ப்பான், மேகத்தை மேய்ப்பான், களைக்கவே மாட்டான். "இத்தனை மந்திரம் போடுகிறவனுக்கு உடம்பு ஒன்றும் ஆகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டார். நியாயமான கேள்வி. மனைவியிடம் தள்ளினேன்.

"ஏ புள்ள, ஓயாம மந்திரம் போட்டா அவனுக்கு என்ன ஆவும்?"

அவள் தலை நிமிரவில்லை. "மொதல்ல பெருவெரலு மரத்துப்போவும். பெறவு மணிக்கட்டுல ஊசி குத்துன மாதிரி ஏறும். கையத் தொங்கப் போட்டாத்தான் தூக்கம் வரும்."

"நல்லாருக்கு. அப்படியே போடு."

போட்டாள். வாசகர்கள் சொக்கிப்போனார்கள், அனுபவித்து எழுதியிருக்கிறீர்கள் என்றார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மந்திரங்களைக் கூட்டினேன். தினமும், "இன்னைக்கு அவனுக்கு என்ன செய்யுது?" என்று அவளையே கேட்பேன்.

"டம்ளரு நழுவுது. சடை பின்ன வரல."

"மந்திரவாதிக்கு எதுக்கு புள்ள சடை?" என்று சிரித்துவிட்டு, அவனைத் தாடி பின்ன விட்டேன். பின்ன முடியாமல் அவன் அழுத அத்தியாயத்துக்குத்தான் பாராட்டு அதிகம்.

போன மாதம் தேயிலைச் சரிவில் அவள் கையிலிருந்து கத்தரி விழுந்தது. எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை. சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஜீப்பிலேயே மூணாறுக்குக் கூட்டிப்போனேன்.

"எப்படித் தொடங்கிச்சு?" என்று டாக்டர் அவளைக் கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவனா நான்? பெருவிரல், ஊசி, தொங்கப்போட்ட கை, டம்ளர் என்று வரிசை மாறாமல் நானே ஒப்பித்தேன். சடைக்கு வந்தபோதுதான் எங்கிருந்து ஒப்பிக்கிறேன் என்பது உறைத்தது.

"இத்தனை சிரத்தையா வீட்டுக்காரியைப் பாக்குற ஆளை நான் கண்டதில்ல," என்றார் டாக்டர். பிறகு அவளிடம், "கத்தரி தவிர இந்தக் கைக்கு வேற வேலை உண்டா?"

"போன்ல கதை அடிப்பேன் சார்," என்றாள், என்னைப் பார்க்காமல்.

இரண்டையும் தொடக்கூடாது என்றார். மறுபடி கத்தரி பிடிக்க முடியுமா என்பதைப் போகப்போகத்தான் சொல்ல முடியுமாம்.

திரும்பும்போது தேவையில்லாத இடத்திலெல்லாம் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். சின்னக்கானல் தாண்டியதும் கேட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன். நல்லாருக்குன்னீங்க."