சைலன்சரில் வைத்த கண்

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். ஞாபகமும் முன்போல இல்லை.

இது எழுபதுகளின் தொடக்கத்தில், மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் நடந்தது. சந்திக்குக் கொஞ்சம் தள்ளி என் கணவர் ஒரு சின்னக் கராஜ் வைத்திருந்தார். முன்னால் கராஜ், பின்னால் வீடு. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் கடல் குளிக்க மட்டக்களப்புக்கு வரும்போதெல்லாம் தன் சிவப்புக் காரை எங்களிடம் காட்டிவிட்டுப் போவார். இடுப்பு உயரம்கூட இல்லாத கார். முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் இல்லை, மாற்றுச் சக்கரமாக ஒரு சில்லு மட்டும் கிடக்கும். எஞ்சின் சீட்டுக்கும் பின்சில்லுக்கும் நடுவில் இருந்தது. எதையோ ஒளித்துக் கொண்டுவருகிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நான் அப்படித்தான். வாய் பேசாது, மனம் எல்லாரையும் சந்தேகப்படும்.

அந்தக் காரின் சைலன்சர் கறள் பிடித்து ஓட்டையாகிவிட்டது. சாமான் தட்டுப்பாடான காலம். புதியது கப்பலில் வந்து சேர மாதக்கணக்காயிற்று. அது தொலைந்தால் வேறு கிடைக்காது, கராஜின் பேரும் போய்விடும்.

வாகரைப் பக்கத்து ஆள் ஒருவர் எங்களிடம் வேலை செய்தார். நல்ல கைகாரர். பன்பாயை விரித்து, காருக்கு அடியில் படுத்து, இறுகிப்போன போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு விட்டுப் பழையதைக் கழற்றினார். மறுநாள் கணவர் டவுனுக்குப் போயிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது, அந்த வாகரை ஆள் புதிய சைலன்சரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதில நான் ஒரு கண் வெச்சிரிக்கன் அக்கா," என்று சிரித்தார். "துரைக்கு இப்ப விளங்காது. மறுகா விளங்கும்."

களவுக்குத்தான் கண் வைத்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த மாதம்தான் ஒரு ஸ்பானர் காணாமல் போயிருந்தது. அவர் சாப்பிடப் போன நேரம் சைலன்சரைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கள் நெல்பெட்டிக்குள் புதைத்தேன். கணவர் வந்ததும் அவர் காதில் சொன்னேன். அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. அந்த மனிதரின் பையை எடுத்து நிலத்தில் கொட்டினார். ஒரு சாரம், சீப்பு, பிள்ளைக்குத் தாளில் சுற்றி வாங்கிய கற்கண்டுச் சரை. அவ்வளவுதான்.

"நாளைக்கு வரவேணாம்."

"என்னத்துக்கு அண்ணன்?"

கணவர் வாசலைக் காட்டினார். அந்த மனிதர் கற்கண்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

நெல்பெட்டியிலிருந்து எடுத்து, கணவர் தனியாகவே சைலன்சரைக் காரில் பூட்டினார். எஞ்சினை இயக்கியதும் உள்ளே போயிருந்த நெல்லெல்லாம் படபடவென்று வெளியே தெறித்தது.

"என்ன புள்ள, நெல்லுப் பொரிக்கவா இத வாங்கின?" என்று கத்தினார். பிறகு குனிந்து பார்த்தார். சைலன்சரின் அடியில் ஒரு சின்னத் துளை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"போறவன் நாசம் பண்ணிட்டுத்தான் போயிரிக்கான். கேக்காம விடமாட்டன். சொன்னவ நீதானே, நீயும் வா."

பஸ் பிடித்து வாகரைக்குப் போனோம். அவர் கடற்கரையில் தகப்பனோடு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததைக் கவனிக்காமல் கிழவர் மகனை ஏசினார்: "இந்தக் கண்ண விட்டுட்டாய் பாரு. கண் பெருத்தா மீன் நிக்குமா?" கிழவரின் விரல் வலையின் ஓட்டைக்குள் இருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்களுக்குக் கண் என்றால் துளை.

துளையைப் பற்றிக் கணவர் கேட்டதற்கு மகன் நிமிராமலே சொன்னார்: "எஞ்சின் ஆவி உள்ளுக்கத் தண்ணியா நிக்கிது. பழசு அதாலதான் உக்கின. அது வடியத்தான் கண் வெச்ச."

"அத ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"அக்காட்டச் சொன்னன்தானே. பையக் கொட்டினதுக்குப் பொறகு என்னத்தச் சொல்ற?"

"நான்தான் தம்பி பிழையா விளங்கின," என்றேன். அந்நிய ஆண் ஒருவரிடம் அன்றுதான் முதன்முதலாகப் பேசினேன்.

"உங்கட ஊரில கண் எண்டா என்னக்கா?" என்று கேட்டார். கணவர் அவர் பக்கத்தில் குந்தி, வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார்.

அடுத்த கிழமை அவர் வேலைக்குத் திரும்பினார். துரையின் கார் வரும்போதெல்லாம் ஒரு கம்பியால் அந்தத் துளையைக் குத்தி அடைப்பெடுப்பார். எனக்குத் தெரிய அந்தச் சைலன்சர் பிறகு உக்கவில்லை. ஆனால் வேலை முடிந்து போகிற ஒவ்வொரு நாளும், யாரும் கேட்காமலே, என் முன்னால் தன் பையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போனார். வேண்டாம் தம்பி என்று எத்தனையோ தரம் சொன்னேன். சிரிப்பார், ஆனால் நிறுத்தவில்லை. இன்றைக்கும் யார்மேலாவது சந்தேகம் எழும்பினால், அந்தப் பை உதறுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

எஞ்சின் இருந்த இடமும் துளை வைத்த விவரமும் நான் சொன்னது சரிதானா என்று காரைப் பற்றித் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். பையைப் பற்றி எழுதியதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை.