வெளிச்சத்தில் தெரிந்த தூசு

பர்கூர் பக்கத்தில் ஒரு கிரானைட் பட்டறை. வேலையிடத்துத் தூசு, புகையிலிருந்து தொழிலாளர்களைக் காக்கும் படிப்புக்காகப் பல நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு நான்தான் பயிற்சியாளர். சாப்பாட்டு நேரம் என்பதால் இயந்திரங்கள் நின்றிருந்தன. காற்று சுத்தமாகத்தான் தெரிந்தது. இப்போதும் தூசு இருக்கிறது, காட்டுகிறேன் என்று கதவுகளைச் சாத்தி, என் முதுகுக்குப் பின்னால் பெரிய விளக்கை எரியவிட்டேன். குரல் கேட்கட்டுமே என்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசினேன்.

எதிரே சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார் கல்லுக்குப் பாலிஷ் போடும் சரோஜம்மா. "சார், உங்க வாய்க்குள்ள போவுது பாருங்க!" என்றார்.

மாணவர் ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். என் முகத்தைச் சுற்றி வெள்ளிப் பொடி மிதந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் உள்ளே போனது. பேச்சை நிறுத்தியபோது உதட்டருகிலேயே நின்று காத்திருந்தது.

சட்டென்று முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டேன்.

சரோஜம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "பன்னெண்டு வருசமா இங்கதான் சார் சாப்பிடறேன். எனக்கும் இப்படித்தான் போவுதுங்களா?"

அவருக்குக் கொடுக்க முகக்கவசம் மிச்சமிருக்கிறதா என்று பையைத் துழாவினேன்; ஒன்றுகூட இல்லை. பயிற்சிக்கு வந்தவர்களைத் தலை எண்ணி முகக்கவசம் வாங்கி வந்தவன் நான். அந்தத் தலைகளில் சரோஜம்மாவை எண்ணவே இல்லை.